குடல்தூரம் நாற்பத்தொன்று

விமானம் வங்காள விரிகுடாவைத் தாண்டியதும் பணிப்பெண் தேன்மதி விமானிகளின் ஓட்டறைக்குள் வந்து வாசனைத் திரையை இறக்கினாள். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே கூரையிலிருந்து தரைவரை தொங்கும் திரை அது. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், காற்றைக்கூட விடாது. இந்தப் பக்கம் கேப்டன் அறவாழி. அந்தப் பக்கம் கேப்டன் ஜூலியானா மச்சாது. வெள்ளை மூடி போட்ட தட்டு முதலில் வந்தது.

"பேர், தட்டு?" என்றாள் தேன்மதி. ஏழு வருடமாக இதே இருவரிடம் இதையேதான் கேட்கிறாள்.

"அறவாழி. வெண்தட்டு. பக்கத்துத் தட்டைத் தொட்டதில்லை, தொட மாட்டேன்."

"நன்றி கேப்டன். சாப்பிடுங்க."

இரண்டு இட்லி, உப்புக் குறைத்த தயிர்சாதம், பயத்தம்பருப்புக் கூட்டு, வேகவைத்த சுரைக்காய் எட்டுத் துண்டு. திரைக்கு அந்தப் பக்கம் சிவப்பு மூடி திறந்தது. மிளகுக் குழம்பு, புளிச்சக்கீரை, பூண்டு ஊறுகாய், வறுத்த நெத்திலிக் கருவாடு. பார்க்கலாம், முகர முடியாது. சாப்பிட்டு முடித்துத் திரையைத் தூக்கும்போது மட்டும் நான்கு விநாடி அந்த வாசனை இந்தப் பக்கம் வரும். அறவாழி அந்த நான்கு விநாடிக்கு மூச்சை நன்றாக இழுத்துக்கொள்வான். அதைத் தடுக்கும் விதி எதுவும் இன்னும் எழுதப்படவில்லை.

விமானத்தை இவர்கள் ஓட்டுவதில்லை. அதைப் பறப்புமதி என்ற கணினி பார்த்துக்கொள்ளும். இவர்கள் வேலை, அது கேட்கும்போது பதில் சொல்வது. 'மேகத்தைச் சுற்றிப் போகட்டுமா? நான்கு நிமிடம் தாமதமாகும்' என்று கேட்கும். ஒருவர் சரி என்பார், ஒருவர் வேண்டாம் என்பார். அதை 'மனித விவாதம் நடைபெற்றது' என்று குறித்துக்கொண்டு, ஏற்கெனவே பாதிச் சுற்று முடித்திருந்த மேகத்தைப் பறப்புமதி முழுதாகச் சுற்றி முடிக்கும். சிக்கல், இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால்தான். அப்போது அது இருவரையும் நம்பாது.

காரணம் பழையது. முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு விமானத்தின் இரண்டு கேப்டன்களும் ஒரு பிரிவுபசார விருந்தில் ஒரே அண்டாவிலிருந்து இறால் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறினார்கள். அந்தக் காலத்திலேயே இருவரும் வேறுவேறு சாப்பாடு சாப்பிட வேண்டும் என்ற விதி இருந்தது. ஆனால் அது விமானத்துக்குள் மட்டும். அன்று கெட்டுப்போனது வயிறு இல்லை. ஒரே பிரியாணி, ஒரே உற்சாகம். கீழே விளக்கு வரிசையாகத் தெரிவது ஓடுபாதைதான் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். விமானம் பத்திரமாகத் தேசிய நெடுஞ்சாலையில் இறங்கி, சுங்கச்சாவடியில் ஒரு தக்காளி லாரிக்குப் பின்னால் நின்றது. அதன் பிறகு குடலியல் அறிஞர்கள் வந்தார்கள். ஒரே சாப்பாடு ஒரே கிருமிகளை வளர்க்கிறது, ஒரே கிருமிகள் ஒரே எண்ணத்தை வளர்க்கின்றன என்று நிரூபித்தார்கள். வெண்தட்டு சரி சொல்லும். செந்தட்டு வேண்டாம் சொல்லும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிக்குக் குடல்தூரம் என்று பெயர் வைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதுகருவியில் ஊதினால் அளவு வந்துவிடும்.

பயணிகளுக்கு இந்த வம்பே கிடையாது. அவர்கள் முந்நூற்றுப் பதினாறு பேருக்கும் பொதுத்தட்டு. ஒரே சாதம், ஒரே குழம்பு. சாப்பிட்ட நாற்பதாவது நிமிடம் முதல் வரிசையில் ஒருவர் கொட்டாவி விடுவார். அது அலையாகப் போய் ஐம்பத்திரண்டாவது வரிசையில் முடியும். எல்லோரும் ஒன்றாகத் தூங்கி, ஒன்றாக எழுந்து, கருத்துப் படிவத்தில் 'மிக நன்று' என்று எழுதிவிட்டு இறங்குவார்கள்.

அன்று காலைதான் அறவாழிக்கும் ஜூலியானாவுக்கும் அளவு எடுத்திருந்தார்கள். போன வருடம் அறுபத்தெட்டு. பிறகு ஐம்பத்தேழு. பிறகு நாற்பத்தெட்டு. இப்போது நாற்பத்தொன்று. நாற்பதுக்குக் கீழே போனால் ஜோடி கலைக்கப்படும். இருவரும் தரைக்கு. ஒருவர் சென்னையில் சாமான்களை மேற்பார்வையிடலாம், இன்னொருவர் கவுகாத்தியில். வேறு ஜோடி தர மாட்டார்கள். ஒருமுறை ஒத்துப்போனவர்கள் அந்தப் பழக்கத்தை விடமாட்டார்கள் என்பது நிர்வாகத்தின் முடிவு.

அறவாழிக்கு இருக்கை போய்விடுமே என்று கவலை. எந்த இருக்கை, தான் உட்கார்ந்திருப்பதா, பக்கத்தில் இருப்பதா என்று அவன் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. ஜூலியானாவை அவன் இந்த ஓட்டறைக்கு வெளியே பார்த்ததே இல்லை. ஜோடியில் ஒவ்வொருவருக்கும் வேறு பேருந்து, வேறு ஓட்டல், வேறு வாசல். ஏழு வருடமாக ஒரு கை நீளத்தில் உட்கார்ந்து, அவன் சொல்வதற்கெல்லாம் வேண்டாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அவன் வாழ்க்கையில் வேறு யாரும் அவன் சொன்னதை மறுப்பதற்காகவாவது இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

அளவு குறைகிறது என்றால் அர்த்தம் ஒன்றுதான் என்று அவன் கணக்குப் போட்டான். அவள் இவன் தட்டிலிருந்து சாப்பிடுகிறாள்.

எப்போது? இவன் கழிவறைக்குப் போகும்போது. திரையை யார் தூக்குவது? தேன்மதி. தேன்மதியும் உடந்தையா? இருக்கலாம். போன மாதம் அவளுக்கு ஜூலியானா ஒரு ஹேர்கிளிப் கொடுத்ததை அவன் பார்த்தான். அப்போது அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருந்தான்.

அறவாழி சுரைக்காய்த் துண்டுகளை எண்ணினான். எட்டு. பெரியதிலிருந்து சிறியதாக வரிசையில் அடுக்கினான்.

"என்னத்த எண்ணுதீங்க கேப்டன்?" ஜூலியானாவின் குரல் திரையின் ஒலிபெருக்கி வழியாக வந்தது. ஊர் தூத்துக்குடி, பேச்சு இன்னும் அங்கேயே இருந்தது.

"ஒண்ணுமில்ல. வெந்திருக்கான்னு பாக்குறேன்."

"சாப்பாட்டப் பத்திப் பேசக் கூடாது. பதிவாயிரும்."

"நீங்கதான கேட்டீங்க?"

"நான் எண்ணுறதப் பத்திக் கேட்டேன். சுரைக்காயப் பத்தியா கேட்டேன்?"

"சுரைக்காய்னு நான் சொல்லவே இல்லையே. என் தட்டுல என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேப்டன், கண்ணாடி மாதிரி திரை. எனக்குக் கண்ணு இருக்கு."

பதில் சரியாகத்தான் இருந்தது. ரொம்பச் சரியாக இருந்தது. அவன் எழுந்து கழிவறைக்குப் போய், கதவுக்குப் பின்னால் மூன்று நிமிடம் சும்மா நின்றுவிட்டுத் திரும்பினான். எட்டுத் துண்டும் இருந்தன. வரிசை மாறவில்லை. அதுதான் அவனை உறுத்தியது. எடுக்காதவர்கள் இவ்வளவு கச்சிதமாகவா விட்டுவைப்பார்கள்?

சாப்பிட்டு முடித்துத் திரை தூக்கப்பட்டது. நான்கு விநாடி நெத்திலி. பிறகு ஜூலியானா ஜன்னலைப் பார்த்து, "மேகம் இன்னைக்கு நல்லாருக்குல்ல?" என்றாள்.

ஏழு வருடத்தில் அவள் ஒரு மேகத்தைப் பாராட்டியதில்லை. இவள் எதையோ மறைக்கிறாள் என்று அறவாழி உறுதி செய்துகொண்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விடுமுறை நாட்களிலும் வெண்தட்டுக்காரர்களுக்கு வீட்டுக்கு வெள்ளைப் பொட்டலம் வரும். அதைத்தான் சாப்பிட வேண்டும். அறவாழி ஒரு வருடமாகச் செவ்வாய்க்கிழமைகளில் பல்லாவரத்தில் ஒரு மெஸ்ஸுக்குப் போய் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு சாப்பிடுகிறான். முதலில் செவ்வாய் மட்டும். பிறகு வியாழனும். பிறகு மெஸ் திறந்திருக்கும் நாட்கள். பொட்டலத்தைக் கீழ்வீட்டு நாய்க்குப் போட்டுவிடுவான். அந்த நாய் இப்போது யாரைப் பார்த்தும் குரைப்பதில்லை. இதற்கும் குடல்தூரத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அவன் கருத்து. அவன் சாப்பிடுவது வெறும் ஆசைக்கு. அவள் செய்வது திருட்டு.

சென்னை திரும்பிய மறுநாள் காலை பத்து மணிக்கு, விமான நிலையத்தின் பின்புறம் இருந்த உணவுக்கூடத்துக்குப் புகார் கொடுக்கப் போனான்.

பிரிப்பு அலுவலர் வேதமாணிக்கம் அவனுக்கு ஒரு தலையுறையும் இரண்டு காலுறையும் கொடுத்து உள்ளே கூட்டிப்போனார். ஐம்பத்தைந்து வயது. இரண்டு ஓட்டறைத் தட்டுகளுக்குள் ஒரு கடுகுகூடப் பொதுவாகப் போய்விடாமல் பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். நடுவே பெரிய கூடம், பொதுத்தட்டுக்கு. குளம் மாதிரி ஒரு பாத்திரத்தில் குழம்பு கொதித்தது. தட்டுகள் பட்டையில் ஊர்ந்துவர, இயந்திரக் கை ஒவ்வொன்றிலும் ஒரே அளவு ஊற்றியது. இடது பக்கம் சுவருக்கு அப்பால் வெண்சமையல். வலது பக்கம் சுவருக்கு அப்பால் செஞ்சமையல்.

"உப்புகூட வேற வேற உப்பளம் சார்," என்றார் வேதமாணிக்கம். "தண்ணி வேற ஏரி. வெண்சமையக்காரங்க வாசல்ல செஞ்சமையக்காரங்க செருப்புகூட விடக் கூடாது. போன வருஷம் இந்தப் பக்கத்துப் பையனும் அந்தப் பக்கத்துப் பொண்ணும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ரெண்டு பேரையும் பொதுத்தட்டுக்கு மாத்திட்டேன். இப்ப சண்டையே இல்லையாம்."

"அப்ப கசிவு இங்க இல்ல?"

"இங்க இல்ல."

"அப்படின்னா விமானத்துலதான். கேப்டன் ஜூலியானா என் தட்டுலேர்ந்து எடுக்குறாங்க. தேன்மதி ஒத்தாசை. அந்தத் திரையிலயும் எங்கேயோ ஓட்டை இருக்குன்னு நினைக்கிறேன். ஊதுகருவியையும் ஒருதடவ பாத்துருங்க. அத யாரு செஞ்சா?"

வேதமாணிக்கம் ஒரு ஸ்டூலை இழுத்து அவனை உட்கார வைத்தார். தானும் ஒரு காலித் தட்டுப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.

"சார், நான் பதினேழு வருஷமா இந்த வேலை பாக்குறேன். என்கிட்ட புகார் சொல்ல வர்ற ஆளெல்லாம் செந்தட்டு. குழம்புல காரம் பத்தலம்பாங்க, தட்டு ஒரு மில்லிமீட்டர் சின்னதாயிருச்சும்பாங்க. வெண்தட்டுக்காரர் ஒருத்தர்கூட வந்ததில்ல. ஒருதடவ ஒருத்தருக்கு இட்லிக்குப் பதிலா தெரியாம கை தொடைக்கிற துண்ட வச்சு அனுப்பிட்டோம். நல்லா மெத்துன்னு இருந்துச்சுன்னு எழுதிக் கொடுத்தாரு."

அறவாழி குனிந்து காலுறையைச் சரிசெய்துகொண்டான்.

"நீங்கதான் முதல் ஆள்," என்றார் வேதமாணிக்கம். "எத்தன நாளா இப்படிச் சந்தேகம் வருது சார்?"

இடது பக்கச் சுவருக்குப் பின்னால் யாரோ நிதானமாகச் சுரைக்காய் நறுக்கும் சத்தம் கேட்டது. அறவாழி யோசித்துப் பார்த்தான். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தது தைப் பொங்கலுக்கு முன்னால். லிஃப்டுக்குள் ஏறுமுன் மேலே எட்டிப் பார்ப்பது அதற்கும் முன்னால். மச்சான் கூப்பிட்ட ஏலச்சீட்டுக்கு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, வேண்டாம் என்று சொன்னது போன ஆடியில். அந்த வாரம்தான் மெஸ்ஸில் வியாழனும் சேர்ந்தது.

"கருவாடா?" என்றார் வேதமாணிக்கம் மெதுவாக.

"நெத்திலி."

"வாரத்துக்கு?"

"அஞ்சு நாள்."

வேதமாணிக்கம் தலையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. இன்னொண்ணும் கேட்டுக்கங்க. போன வாரம் கேப்டன் ஜூலியானா இங்க வந்தாங்க."

"பாத்தீங்களா! நான் சொன்னேன்ல. எதுக்கு வந்தாங்க?"

"நன்றி சொல்ல. சமையக்காரங்க எல்லாருக்கும், பேர் பேராக் கேட்டு. செந்தட்டுக்காரங்க நன்றி சொன்னா எனக்கு வயித்தக் கலக்கும் சார். கேட்டேன். ஒரு வருஷமா வீட்டுல தெனமும் இட்லி, தயிர்சாதம், சுரைக்காயாம். அவங்களே சமைச்சு. உங்க தட்டத் திரை வழியாப் பாத்துப் பாத்துப் பழகினதாம். 'அந்த மனுசன் எப்பவும் நிம்மதியா இருக்காரே, அது எப்படி இருக்கும்னு பாக்கணும்னு தோணுச்சு'ன்னாங்க."

அறவாழி தலையுறையைக் கழற்றினான். எதற்கென்று தெரியாமல் மறுபடியும் மாட்டிக்கொண்டான். அவனும் முதல் செவ்வாய்க்கிழமை அதற்காகத்தான் போனான். இவ்வளவு உறுதியாக வேண்டாம் சொல்லும் ஒருத்தியின் நாக்கில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க.

"இத நான் மேல எழுதணும்," என்றார் வேதமாணிக்கம். "எழுதினா உங்களுக்குச் சென்னை, அவங்களுக்குக் கவுகாத்தி. எனக்கு அதவிட மோசம், விசாரணை. அதனால எழுதப் போறதில்ல. தொண்ணூறு நாள் இருக்கு. வழி ரெண்டு. ரெண்டு பேரும் நிறுத்திட்டு அவங்கவங்க தட்டுக்குத் திரும்புங்க, தூரம் கூடிரும். இல்லன்னா ரெண்டு பேரும் நிறுத்தாம, முழுசா அடுத்த கரைக்குப் போயிருங்க. அப்பவும் தூரம் கூடிரும். ஊதுகருவி தூரத்தத்தான் பாக்கும், யாரு எந்தப் பக்கம்னு பாக்காது. ஆனா ஒருத்தர் நிறுத்தி ஒருத்தர் நிறுத்தலன்னா, ரெண்டு பேரும் ஒரே கரையில. கதை முடிஞ்சுது."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"இதேதான் சொன்னேன்."

"என்ன முடிவு எடுத்தாங்க?"

"அத நான் கேக்கல. கேட்டா உடந்தை. நீங்களும் கேக்க முடியாது. ஓட்டறையில சாப்பாட்டுப் பேச்சு எல்லாம் பதிவாகும். நீங்களே யோசிச்சுக்கங்க சார். அவங்க என்ன நினைப்பாங்களோ அதையே நினைங்க."

ஏழு வருடமாக அவள் நினைப்பதற்கு எதிராக நினைப்பதற்குத்தான் அவனை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க அவன் யோசித்தான். பழைய ஜூலியானா என்றால் விதியைக்கூட நம்பாமல், நிறுத்தச் சொன்னதற்காகவே நிறுத்த மாட்டாள். ஆனால் பாதி ஜூலியானா இப்போது தயிர்சாதம். தயிர்சாதம் நல்லபிள்ளையாக நிறுத்திவிடும். அப்படியானால் இவனும் நிறுத்த வேண்டும். ஆனால் இவன் இப்படி யோசிப்பான் என்று அவளும் யோசித்து, பாதி நெத்திலி ஆகிவிட்டவன் நிறுத்த மாட்டான் என்று எண்ணி, அவளும் நிறுத்தாமல் இருந்தால்? வேதமாணிக்கம் இருவரிடமும் ஒன்றையேதான் சொன்னாரா? அவர் ஏன் அவ்வளவு நல்லவராக நடந்துகொண்டார்?

கடைசியில் முடிவு செய்தது தலை இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளைப் பொட்டலத்தைப் பிரித்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இதைச் சாப்பிட்டால் மச்சான் மறுபடியும் கூப்பிடுவார், தானும் சரி என்பான் என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு பல்லாவரம் போனான். அன்றிலிருந்து ஊரில் இருக்கும் நாளெல்லாம் இரண்டு வேளை. விமானத்தில் மட்டும் வெண்தட்டில் விதி கேட்கும் அளவுக்கு இரண்டு கவளம்.

ஆறாவது வாரம், ஆக்லாந்து போகும் வழியில், பறப்புமதி கேட்டது: "முன்னால் மேகம். சுற்றிப் போகட்டுமா?"

"வேண்டாம்," என்றான் அறவாழி.

சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டான். பக்கத்திலிருந்தும் வேண்டாம் வந்தால் அவள் நிறுத்திவிட்டாள் என்று அர்த்தம். ஜூலியானா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி," என்றாள் பறப்புமதியிடம். "சுத்திப் போ. மெதுவாவே போ. என்ன அவசரம்?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். பேசாமலே, ஜாடை காட்டாமலே, இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறை.

தொண்ணூறாவது நாள் காலை ஊதினார்கள். எண்பத்து மூன்று. சென்னைத் தளத்தில் இதுவரை யாருக்கும் வராத அளவு என்று மருத்துவர் கை கொடுத்தார். 'மனமாறா வேறுபாட்டுக்காக' என்று நிர்வாகம் இருவருக்கும் ஒரு பாராட்டிதழ் அனுப்பியது. அறவாழி அதில் முத்திரை அசல்தானா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

அந்த வாரப் பறப்பில் உணவு முடிந்து திரை தூக்கப்பட்டது. இப்போது நெத்திலி வாசனை அவனை ஒன்றும் செய்யவில்லை; சொந்த வீட்டு வாசனை யாருக்குத் தெரியும்? கீழே கடல் அசையாமல் கிடந்தது. பின்னால் முந்நூற்றுப் பதினாறு பேர் ஒரே மூச்சில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கேப்டன், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்றாள் ஜூலியானா.

"கேளுங்க. அப்புறம் பாப்போம்."

"ரெண்டு பேரும் வேலைய எழுதிக் கொடுத்துட்டு, ஒரே வீட்டுல, ஒரே சட்டியில பொங்கிச் சாப்பிட்டா என்ன?"

"பதிவாகுது."

"ஆவட்டும். எனக்கு ரொம்ப நாளா உங்கள மாதிரி ஆகணும்னு இருந்துச்சு. ஆயாச்சு. ஆனதும் முதல்ல தோணுனது இதுதான்."

அவள் முகத்தில் எந்தக் கள்ளமும் இல்லை. ஒரு வருடத்துக்கு முன்பு இந்தக் கேள்வியை அவள் கேட்டிருந்தால், முடிக்குமுன்பே சரி என்றிருப்பான். ஆனால் அன்றைய ஜூலியானா இதைக் கேட்டிருக்க மாட்டாள். இதைக் கேட்கிற ஜூலியானாவோ, மேகத்தைப் பாராட்டுகிற, எதிலும் குறை காணாத, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்களைப் பிடித்துப்போகிற ஒரு பெண். அவன் யாரைத் தேடி அந்தக் கரைக்குப் போனானோ அவள் அங்கே இல்லை. அவன் கிளம்பி வந்த கரையில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள்.

இது குடல் பேசுகிற பேச்சு என்று அவனுக்குத் தெரிந்தது. நான்கு மாதம் தயிர்சாதம் சாப்பிட்டால் வேறு பதில் வரும் என்பதும் தெரிந்தது. ஆனால் அப்படித் தெரிவதே தனக்கு யாரோ போட்ட தூண்டிலாக இருக்கலாம் என்றும் தோன்றியது. ஏன் இப்போது கேட்கிறாள்? பாராட்டிதழ் வந்த வாரத்தில்? இவளுக்கு இதில் என்ன?

"வேண்டாம்," என்றான்.

"சரி," என்றாள் ஜூலியானா.

சிரித்த முகமாகவே சொன்னாள். அந்தச் சிரிப்புக்குள் எதை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று அவன் ஆக்லாந்து வரும்வரை யோசித்துக்கொண்டே போனான்.